பிளாஸ்திரி ஒட்டிய கேமரா

என் படங்களில் எல்லாமே நட்டநடுவில் இருக்கும். பூனையா, நடுவில். மரமா, நடுவில். அம்மா மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது ஒரு படம் எடுத்தேன். அதிலும் அம்மா பாஸ்போர்ட்டுக்கு நிற்கிறவள் மாதிரி சரியாக நடுவில் நின்றாள். கொடியும் துணியும் வானமும் அவளைச் சுற்றி வேலையில்லாமல் நின்றன. வகுப்பில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மிஸ் இதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அண்ணா, நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

பார்சல் கிடங்கில் ராத்திரி ஷிப்ட், பெல்ட்டில் வரும் பெட்டிகளின் பார்கோடில் ஸ்கேனரைக் காட்டுவது என்றேன்.

"அதான். நீங்க படம் எடுக்கல. ஸ்கேன் பண்றீங்க."

வகுப்பு மொத்தமும் சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் அது உண்மை. ஸ்கேனரிலிருந்து ஒரு சிவப்புக் கோடு வரும். பார்கோடின் மேல் விழுந்தால் பீப். விழாவிட்டால் பெட்டி திரும்பி வரும், கூடவே திட்டும் வரும். வருஷக்கணக்கில் அதையே செய்தவன் கையில் கேமராவைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும். வியூஃபைண்டரில் கண்ணை வைப்பேன். ஆள் நடுவுக்கு வருவார். மனதுக்குள் பீப் கேட்கும். விரல் அழுத்திவிடும்.

மிஸ் என் தங்கச்சியைவிடச் சின்னவர். ஆனால் வகுப்பில் எல்லாரும், ஓய்வு பெற்ற பல் டாக்டர் உட்பட, மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் பதிலுக்கு எங்களை அண்ணா, அக்கா, அங்கிள் என்பார். மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டு மானத்தை வாங்குவார். ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், ஒரு தையல் மிஷின் கடையின் மாடியில் வகுப்பு. திரைச்சீலை சரியாக மூடாது. புரொஜக்டர் போடும்போது துணி கிளிப்புகளால் அதைக் கவ்வி வைப்போம்.

நான் அங்கே கலையை வளர்க்கப் போகவில்லை. எங்கள் கிடங்கில் திரும்பி வரும் பொருட்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. வாங்கியவருக்குப் பிடிக்காத செருப்பு, கெட்டில், மேசைவிளக்கு எல்லாம் அங்கே வரும். துடைத்து, படம் எடுத்து, மறுபடியும் விற்பனைக்கு ஏற்ற வேண்டும். படம் எடுக்கிறவருக்குப் பகல் வேலை. அந்த இடம் காலியாகப் போகிறது என்று கேள்விப்பட்டதும் ரிட்டர்ன் பிரிவு சாரிடம் போய் நின்றேன். காலேஜ் முடிச்சியா என்றார். பாதியில் விட்டேன் என்றேன். கேமரா பிடிச்சிருக்கியா என்றார். இல்லை என்றேன். அப்புறம் எதுக்கு வந்த என்று வாயால் கேட்கவில்லை, முகத்தால் கேட்டார். கடைசியில் மனசு இளகி, எங்கேயாவது படித்து ஒரு சான்றிதழ் கொண்டு வா, அந்த வகுப்பு முடிகிற வரைக்கும் காத்திருக்கிறேன், அதற்கு மேல் முடியாது என்றார். பேக்கிங் பிரிவில் ஸ்டைல் என்று ஒருத்தன் இருக்கிறான், எப்போதும் தலையைக் கோதிக்கொண்டிருப்பான். அவனும் கேட்டிருக்கிறான் என்பதையும் சொல்லி வைத்தார்.

எனக்கு அந்த வேலை வேண்டும். பகலில் நான் தூங்குகிற வீட்டில் யாரோ செத்துப்போன மாதிரி அமைதி. தங்கச்சி போனில் சிரிக்க வேண்டுமென்றால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அம்மா மிக்ஸியைத் தலையணையால் அமுக்கிக்கொண்டு அரைப்பாள். நான் ஒருத்தன் தூங்குவதற்கு இரண்டு பேர் திருடர்கள் மாதிரி நடமாடுவது எனக்கே சகிக்கவில்லை. இதை அவர்களிடம் சொன்னால், அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீ தூங்கு என்று கிசுகிசுப்பார்கள்.

வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரு கேமரா. என் பங்காளி எங்கள் கிடங்கின் ஸ்டாஃப் பஸ்ஸை ஓட்டுகிற அக்கா. காலையில் பகல் ஷிப்டைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு எங்களை அள்ளிக்கொண்டு போவார். அக்காவின் மகள் வேறு ஊரில் வேலைக்குப் போயிருக்கிறாள். அக்கா அவளுக்கு அனுப்பும் போட்டோவில் எல்லாம் பாதி இடத்தைக் கட்டைவிரல் பிடித்துக்கொள்ளும். அம்மா, உன் விரல் நல்லா இருக்கு, மத்தவங்க எப்படி இருக்காங்க என்று மகள் ஒரு நாள் கேட்டிருக்கிறாள். அந்த ரோஷத்தில் சேர்ந்தவர்.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அக்காவுக்கு எதை எங்கே வைப்பது என்பது தானாக வருகிறது. நாள் முழுக்க அவ்வளவு பெரிய கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்க்கிறவர். எது வரும், எது போகும், எதற்கு இடம் விட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் டயலைக் கண்டால் பயம். கேமரா எண்களைத் தானே பார்த்துக்கொள்கிற ஆட்டோவில் வைக்க மிஸ் விடமாட்டார். ஷட்டர், அபர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் கையால் திருப்ப வேண்டும். அக்கா கேமராவைத் திருப்பித் தரும்போது அது நான் கொடுத்தபடியே இருக்கும், ஒரு எண்கூட மாறியிருக்காது. எனக்கு அந்த எண்கள் சுலபம். சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்துவிட்டேன். எந்த வெளிச்சத்துக்கு எந்த எண் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பகலில் கேட்டால் தூக்கத்தில்தான் கேட்க வேண்டியிருக்கும்.

ஆக, நான் டயலைத் திருப்பிக் கொடுப்பேன், அக்கா ஃபிரேம் பார்ப்பார். அவர் படத்துக்கும் அப்படித்தான், என் படத்துக்கும் அப்படித்தான். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது டீ டம்ளரைக் கைமாற்றுகிற மாதிரி அது பாட்டுக்கு நடந்தது. இரண்டு பேருக்கும் மதிப்பெண் ஏறியது. நடுப்பழக்கம் போயிடுச்சே அண்ணா என்று மிஸ் பாராட்டியபோது நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

மிஸ்ஸின் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. படம் திரையில் வரும்போது எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. அவருடைய ஜோடிதான் எழுந்து அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்க என்ன நினைச்சு எடுத்தீங்கன்னு படத்தோட முதுகுல ஒட்டி அனுப்ப முடியாது, பாக்குறவங்களுக்கு என்ன தெரியுதோ அதுதான் படம் என்பார்.

அந்த வாரப் பாடம், நகர்கிற பொருளுக்கு முன்னால் இடம் விடுவது. என் பெயரில் போன படத்தில் ஒருவர் வண்டி நிறைய மெத்தைகளை அடுக்கித் தள்ளிக்கொண்டு போகிறார். அவர் இடது ஓரத்தில். அவருக்கு முன்னால் நீளமாகக் காலி ரோடு. நல்ல படம். அக்கா எழுந்து பேச ஆரம்பித்தார். ஆள் எவ்வளவு தூரம் போகணும்னு அந்த ரோட்டைப் பாத்தாலே தெரியுது, மெத்தையைத் தள்ளுறவருக்குப் படுக்க நேரமில்ல என்றெல்லாம் அருமையாகச் சொன்னார். அதோடு உட்கார்ந்திருக்கலாம்.

"இடப்பக்கம் ஒரு குப்பைத் தொட்டி வழியுது. அது தெரியக் கூடாதுன்னுதான் ரெண்டு அடி தள்ளி நின்னு எடுத்திருக்கு."

மிஸ் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். "எந்தத் தொட்டி?"

"அதான், அந்த இடப்பக்கம்."

"படத்துல இல்லியே அக்கா. படத்துக்கு வெளியில இருக்கிற தொட்டி உங்களுக்கு எப்படித் தெரியும்?"

 பல் டாக்டர் எங்களுக்கு உதவுகிறேன் என்று, நாத்தம் அடிச்சிருக்கும் என்றார்.

அக்கா பொய் சொல்லத் தெரியாதவர். சிவப்பு விளக்கைத் தாண்டி மாட்டிக்கொண்டவர் மாதிரி நின்றார். நான் எழுந்து விஷயத்தைச் சொன்னேன். டயல் நான், ஃபிரேம் அக்கா, ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். எனக்குச் சான்றிதழ் எதற்கு வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். இரக்கம் கேட்கவில்லை. கேட்டாலும் மிஸ்ஸிடம் அது இருப்பில் இல்லை.

மிஸ் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தார். பிறகு, கடைசி அசைன்மென்ட் மற்றவர்களுக்கு ஒன்று, உங்கள் இரண்டு பேருக்கு வேறொன்று என்றார். அக்கா தன் இஷ்டத்துக்கு டயல்களைத் திருப்பி வைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டிக் கொடுக்க வேண்டும். நான் அதைத் தொடாமல், எந்த எண் இருக்கிறதோ அதற்கு ஏற்ற மாதிரி ஒரு படம் எடுக்க வேண்டும். நடுவில் எதையும் வைக்கக் கூடாது. அதற்குப் பிறகு நான் ட்ரைபாடை ஓர் இடத்தில் நிறுத்தி, ஃபிரேமைப் பூட்டிக் கொடுக்க வேண்டும். அக்கா அதை ஒரு இம்மிகூட அசைக்காமல், டயலை மட்டும் திருப்பி ஒரு படம் எடுக்க வேண்டும். ஒருத்தருக்கொருத்தர் உதவக் கூடாது. வகுப்பில் திரையில் வரும் வரைக்கும் ஒருத்தர் படத்தை இன்னொருத்தர் பார்க்கவும் கூடாது.

"சேர்ந்து திருடினீங்க இல்ல? ரெண்டும் நல்லா இருந்தா ரெண்டு பேரும் பாஸ். ஒண்ணு சொதப்பினாலும் ரெண்டு பேருக்கும் சான்றிதழ் கிடையாது."

படி இறங்கும்போது அக்கா, என் வாயில மண்ணைப் போட என்றார். பிறகு, என்னால அந்தப் பகல் வேலை போச்சுன்னா நான் எப்படித் தம்பி தினமும் உன் மூஞ்சியப் பாப்பேன் என்றார். இப்பவும் பாதி நேரம் தூங்கிட்டுத்தானே அக்கா இருக்கேன், மூஞ்சி எங்க தெரியப்போகுது என்றேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் அக்கா கேமராவைக் கொடுத்தார். பஸ்ஸின் முதலுதவிப் பெட்டியிலிருந்து எடுத்த பிளாஸ்திரி, மூன்று டயலின் மேலும் குறுக்கும் நெடுக்குமாக. அடிபட்டுப் படுத்திருக்கிற கேமரா மாதிரி இருந்தது. எண்களைத் திரையில் பார்த்தேன். தூக்கம் போய்விட்டது. ஷட்டர் அரை வினாடி. அபர்ச்சர் இருப்பதிலேயே பெரிய எண், அதாவது லென்ஸின் துளை ஊசிமுனை அளவு. ஐஎஸ்ஓ இருப்பதிலேயே சின்ன எண், அதாவது வெளிச்சத்தை உணர்வதிலும் மந்தம்.

எப்படி இப்படி வைத்தீர்கள் என்று கேட்டேன். ஷட்டரை ஒவ்வொன்றாகத் திருப்பி அழுத்திப் பார்த்தாராம்.

"மத்ததெல்லாம் தும்மல் மாதிரி இருக்கு. இது ஒண்ணுதான் கதவு சாத்துற மாதிரி நிதானமா இருந்துச்சு. இன்னொண்ணு பெரிய நம்பரா வச்சேன், நல்லா இருக்கட்டும்னு. மூணாவதைச் சின்னதா வச்சேன், சிக்கனமா."

அந்தச் சிக்கனத்தோடு பகலில் ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். வெள்ளைத் தாள். வீட்டுக்குள் எடுத்தேன். கறுப்புத் தாள். தங்கச்சி இரண்டையும் பார்த்துவிட்டு, ரெண்டையும் சேத்து வச்சா செஸ் விளையாடலாம் என்றாள். குளியலறைக்குப் போகாமலே சிரித்தாள்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இந்த எண்களுக்கு ஒத்துவரும் வெளிச்சம் ஒன்று உண்டு. சூரியன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஆள் முகம் தெரியும், ஆனால் நிழல் விழாது. நான் கிடங்கு வாசலுக்கு வெளியே வருவது அந்த நேரத்தில்தான். எத்தனையோ விடியல்களில் அந்த வெளிச்சத்தில் நின்றிருக்கிறேன், பஸ் எப்போது வரும் என்பதைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

இன்னொரு தொல்லை. அரை வினாடிக்கு ஷட்டர் திறந்திருந்தால் கையில் பிடித்து எடுக்க முடியாது. கை நடுங்கினால் எல்லாம் கலங்கிவிடும். ட்ரைபாட் வகுப்பு அறையிலிருந்து வெளியே வராத பொருள், கடைசி வாரம் அக்காவின் முறைக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். வாசலுக்குப் பக்கத்தில் இடுப்பு உயரச் சுவர் ஒன்று உண்டு. அதன் மேல் கேமராவை வைத்தேன். பின்னால் ஒரு தண்ணீர்க் குழாய் மேலேறிப் போகிறது. கேமரா சரியாக நிற்க வேண்டுமென்றால் அதன் முதுகு குழாயோடு ஒட்டியிருக்க வேண்டும். அப்படி வைத்தால் திரையும் தெரியாது, வியூஃபைண்டரில் கண்ணும் வைக்க முடியாது. டைமரைப் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டியதுதான்.

முதல் நாள் வானம் வந்தது. அடுத்த நாள் பூட்ஸ். அதற்கடுத்த நாள் யாரோ ஒருவரின் முதுகுப்பை, அதுவும் நடுவில். நான் குனிந்து, லென்ஸுக்கு அடியில் கையுறையை மடித்து வைத்து, உயரம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு வரிசையில் நின்ற ஏணி, அவன் உயரத்துக்கு அந்தப் பெயர், சுவர்ல காது வச்சு என்னடா கேக்குற, பக்கத்து வீட்டுச் சண்டையா என்றான். அதற்கு வரிசையே சிரித்தது. தூக்கக் கலக்கத்தில் சிரிக்கிற சிரிப்பு, ஒரு வார்த்தைக்கு ரொம்ப நேரம் ஓடும்.

ஆனால் ஒன்று நடந்தது. என்னால் நடுவைப் பார்க்க முடியவில்லை. பார்க்க முடியாததால் சிவப்புக் கோடு எரியவில்லை, பீப் கேட்கவில்லை. படம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தரையில் நடந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இந்த விளக்குக் கம்பத்திலிருந்து அந்தச் சாக்கடை மூடி வரைக்கும். இதற்குள் இடது பக்கம் யார் வருவார்கள், வலது பக்கம் யார். ஓரங்களை மட்டுமே யோசித்துக்கொண்டு ஒரு வாரம் போனது. ஒரு நாள் காலை மழை விட்டிருந்தது. பஸ் வந்தது, டைமர் ஓடியது, கதவு சாத்துகிற மாதிரி நிதானமாகச் சத்தம் கேட்டது. அன்றைக்கு எடுத்ததை வைத்துக்கொண்டேன். நல்ல படமா என்று தெரியவில்லை. நடுவில் ஒன்றும் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

பிளாஸ்திரியைப் பிரித்து, ட்ரைபாடை வாங்கி வந்து, அக்காவுக்கான ஃபிரேமைப் பூட்டுவது என் முறை. ஓட்டுநர்களின் ஓய்வறையைத் தேர்ந்தெடுத்தேன். பக்கவாட்டில் ஒரு ஜன்னல் இருக்கிறது, அக்காவுக்குச் சுலபமாக இருக்கும் என்று நல்லெண்ணத்தோடுதான் செய்தேன். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தேன். ஒரு வாரம் பட்டினி கிடந்த சிவப்புக் கோடு பாய்ந்து வந்து தண்ணீர் கேனைப் பிடித்துக்கொண்டது. பீப். திருகைப் பூட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. நட்டநடுவில் ஸ்டாண்டில் கவிழ்த்த கேன். இந்தப் பக்கம் துடைப்பம். அந்தப் பக்கம் ஆணியில் யாருடையதோ ஈர மழைக்கோட்டு. பின்னால் பொரிந்த சுவரில் கிழிந்த ஷிப்ட் பட்டியல். பூட்டினால் மாற்றக் கூடாது என்பது மிஸ்ஸின் சட்டம்.

அக்கா வந்து கண்ணை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"தம்பி, உன்னோட எனக்கு ஏதாவது பகை இருக்கா?"

இல்லை என்றேன்.

"இருந்தா முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

அதற்கப்புறம் அக்கா அந்த அறையில் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. ஒரு நடைக்கும் இன்னொரு நடைக்கும் நடுவில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஒரு சொடுக்கு திருப்புகிறார், எடுக்கிறார், பார்க்கிறார், திட்டுகிறார், மறுபடியும் திருப்புகிறார் என்று மற்ற ஓட்டுநர்கள் சொன்னார்கள். தண்ணீர் பிடிக்க வருகிறவர்களை எல்லாம் மெதுவாப் புடி, இன்னொரு தடவை புடி என்று படுத்தியதில் அன்றைக்கு எல்லாரும் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வண்டியெடுத்தார்களாம்.

கடைசி வகுப்பு. மறுநாள் காலையில் ரிட்டர்ன் சார் முடிவு சொல்லியாக வேண்டும். திரைச்சீலைக்குக் கிளிப் போட்டாயிற்று. முதலில் என் படம். நான் வாயைப் பூட்டிக்கொண்டேன். அக்கா எழுந்தார்.

திரையில் எங்கள் வாசல். இடது ஓரத்தில் எங்கள் ராத்திரி ஷிப்ட் வரிசை, ஒவ்வொரு முகமும் கல்லில் செதுக்கின மாதிரி. அசையாமல் நில்லுங்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏணி நின்றுகொண்டே தூங்குவான். வலது பக்கம் பஸ்ஸிலிருந்து இறங்குகிற பகல் ஷிப்ட். அவர்களில் ஒருத்தருக்கும் முகம் இல்லை. வேகவேகமாக நடந்ததில் சட்டையின் நிறம் மட்டும் காற்றில் இழுபட்டுப் போகிறது.

அக்கா திரையை நெருங்கிப் பார்த்தார். பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் அவர் முகமும் விழுந்திருந்தது. அதைத்தான் முதலில் பார்த்திருக்கிறார்.

"என் மூஞ்சி தினமும் இப்படியா இருக்கு?"

"அக்கா, படம்."

"படத்தைத்தான் சொல்றேன். இவங்கல்லாம் ஏறக் காத்திருக்காங்க, அசைய மாட்டாங்க. அவங்கல்லாம் இறங்குறாங்க, நிக்க மாட்டாங்க. ரெண்டு கூட்டத்தையும் பாத்துக்கிட்டு நான் ஒருத்தி கதவைச் சாத்துங்கடான்னு கத்திட்டிருக்கேன். இதுல நான் மட்டும்தான் முழிச்சிருக்கேன்."

சிரிப்பு அடங்கும் வரைக்கும் மிஸ் காத்திருந்தார். "நடுவுல என்ன இருக்கு?"

"நடுவுல ஈரத் தரை. அங்க யாருக்கும் வேலை இல்ல மிஸ். அவனவனுக்கு அவனவன் பக்கம்."

மிஸ் தலையசைத்து அடுத்த படத்தைப் போட்டார். என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் எழுந்தேன்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பெட்டிகளோடு வேலை செய்கிறவன். திரையைப் பார்த்தேன். திரை கிட்டத்தட்டக் கறுப்பாக இருந்தது. பார்த்த மாத்திரத்தில் கணக்குத் தெரிந்துவிட்டது, கணக்குத் தெரிந்ததும் வாய் திறந்துவிட்டது.

"இருட்டா இருக்கு மிஸ். வெளிச்சம் ரெண்டு ஸ்டாப் கம்மி, கால்வாசிதான் இருக்கு."

அக்காவின் பிரேக் மிதிக்கிற கால் வந்து என் கால் மேல் உட்கார்ந்தது. முழுப் பலத்தோடு.

"அப்போ தப்பா?" என்றார் மிஸ்.

எண்ணை வைத்துச் சொன்னால் தப்பு. அந்த ஜன்னலுக்கு, அந்த நேரத்துக்கு, என்ன வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தப்பு என்று சொன்னால் அக்கா ஃபெயில், நான் ஃபெயில், ஸ்டைல் திங்கட்கிழமையிலிருந்து தலையைக் கோதிக்கொண்டே கெட்டிலைப் படம் எடுப்பான். சரி என்று பொய் சொல்லலாம். ஆனால் ஏன் சரி என்று மிஸ் கேட்பார்.  வேறு வழியில்லாமல் படத்தை மறுபடியும் பார்த்தேன், எண்ணை விட்டுவிட்டு.

கறுப்புக்குள் ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரு கீற்று வெளிச்சம். அதில் ஒரு டம்ளரின் விளிம்பு. அதைப் பிடித்திருக்கிற விரல்கள், நகத்துக்குள் கிரீஸ். குழாயிலிருந்து விழுகிற தண்ணீர் விழாமல் அந்தரத்தில் மணி மணியாக நிற்கிறது. அவ்வளவுதான். துடைப்பத்தைத் தேடினேன். மழைக்கோட்டைத் தேடினேன்.

"இந்த ஃபிரேம் நான் வச்சது மிஸ். படுமோசமான ஃபிரேம். துடைப்பம், மழைக்கோட்டு, கிழிஞ்ச பட்டியல் எல்லாம் இருக்கு."

"படத்துல இல்லாததைச் சொல்லாதீங்க அண்ணா. ஏற்கெனவே ஒரு தொட்டி பாத்தாச்சு."

"இருக்கு மிஸ். இது வெளியில இல்ல, உள்ளதான் இருக்கு. இருட்டுக்குள்ள இருக்கு. ஃபிரேமை அசைக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. அக்கா அசைக்கல. வெளிச்சத்தைக் குறைச்சுக் குறைச்சு, நான் வச்ச குப்பையை ஒவ்வொண்ணா வெளியில தள்ளியிருக்காங்க. கேன் நடுவுலதான் நிக்குது. ஆனா யாருக்காவது கேன் தெரியுதா?"

யாருக்கும் தெரியவில்லை. பல் டாக்டர் எழுந்து போய்த் திரையில் மூக்கை வைத்துத் தேடிவிட்டு, நடுவுல மெல்லிசா ஒரு பளபளப்பு இருக்கு, அதுதானா என்றார். அதுதான்.

"ரெண்டு ஸ்டாப் கம்மின்னு சொன்னேன். கம்மிதான். ஆனா தப்பு இல்ல. நான்னா சரியா வெளிச்சம் வச்சு எடுத்திருப்பேன். எல்லாம் நல்லாத் தெரிஞ்சிருக்கும், பாக்கத்தான் ஒண்ணும் இருந்திருக்காது."

இவ்வளவு நீளமாக நான் எங்கேயும் பேசியதில்லை. உட்கார்ந்துவிட்டேன். மிஸ் அக்காவைப் பார்த்து, அப்படியா என்றார். எடுத்தவர் பேசக் கூடாது என்பதால் அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டு வேகமாகத் தலையை ஆட்டினார். பேசலாம் அக்கா, முடிஞ்சுது என்றார் மிஸ்.

"இதை முதல்லயே சொல்றதுக்கு இவனுக்கு என்ன கேடு? எடுத்தவுடனே கம்மியாம் கம்மி. அந்த ரூம்ல உக்காந்து எனக்குக் கண்ணே பூத்துப்போச்சு. ஒண்ணை ஏத்துனா இன்னொண்ணு இறங்குது, இன்னொண்ணை இறக்குனா துடைப்பம் திரும்ப வந்து நிக்குது."

மிஸ் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். முன்பல் ஒன்று கொஞ்சம் கோணல். பல் டாக்டர் கவனித்திருப்பார். ரெண்டு பேரும் பாஸ் என்று சொல்லிவிட்டு, கேமராவையும் ட்ரைபாடையும் இப்பவே மேசையில வைங்க, உங்க ரெண்டு பேரையும் நம்ப முடியாது என்றார்.

காலில் அக்காவின் செருப்பு அச்சோடு வீட்டுக்குப் போனேன். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் சந்தோஷத்தைக்கூடக் கிசுகிசுத்துத்தான் சொன்னாள். சத்தமாச் சொல்லும்மா, நான் முழிச்சுத்தான் இருக்கேன் என்றேன். அதற்குத் தங்கச்சி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

ரிட்டர்ன் சார் சான்றிதழைப் படிக்கவில்லை. மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, வெள்ளைத் துணி விரித்த மேசையைக் காட்டி, ஆரம்பி என்றார். அன்றைய வரிசையில் முதலில் வந்தது ஒரு கேமரா. யாரோ வாங்கி, இரண்டு நாள் வைத்திருந்து, திருப்பி அனுப்பியிருக்கிறார். பழுது, படம் எல்லாம் வெள்ளையாக வருகிறது என்று ஒட்டுத்தாளில் எழுதியிருந்தது. அதைக் கையில் எடுத்து டயலைப் பார்த்தேன். நாலு சொடுக்கு திருப்பி, சாரின் மேசையைப் பார்த்து ஒரு படம் எடுத்தேன். டீக்கறை உட்படத் தெளிவாக வந்தது. அக்காவின் பிளாஸ்திரியோடு முதல் நாள் எனக்கு வந்த வெள்ளைத் தாள் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

என்ன, பழுதா என்றார் சார்.

"பழுது இல்ல சார். இந்த ஆளுக்கு ஒரு அக்கா இல்ல, அவ்வளவுதான்."

சாருக்குப் புரியவில்லை. சீக்கிரம் எடு, பின்னால கெட்டில் எல்லாம் வரிசையில நிக்குது என்றார்.